ட்ரக்கி: ரயில் பாதை போட்டவர்களை விலக்கிய மலையூர்



நினைவுப் பொழிவில் மறைந்த தோழரின் பணிகளைச் சொல்லிப் புகழ்வது வழக்கம். அவரோடு வேலை செய்த நாங்கள் அவர் விட்டுச்சென்ற ஒரு கேள்வியை எடுத்துப் பேச விரும்புகிறோம். ஊர்விலக்கு செய்யப்பட்ட சேரிகளுக்கு உண்மை அறியும் குழுவாக நாங்கள் போனபோதெல்லாம் காவல் நிலையத்தில் எங்களிடம் கேட்கப்பட்டது ஒன்றுதான்: யாரையாவது அடித்தார்களா, காயம் இருக்கிறதா? காயம் இல்லை. கடையில் அரிசி தரவில்லை, வயலில் வேலை தரவில்லை, பம்புசெட்டில் தண்ணீர் பிடிக்க விடவில்லை, ஷேர் ஆட்டோவில் ஏற்றவில்லை. இதற்கெல்லாம் என்ன வழக்கு என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படித் திரும்பிய ஒரு மாலையில் தோழர் கேட்டார்: ஒரு கீறல்கூட இல்லாமல் ஒரு ஜனத்தையே ஊரைவிட்டுக் கிளப்ப முடியுமென்றால் அந்த வன்முறைக்கு என்ன பெயர்?

அந்தக் கேள்வியோடு இன்று ஒரு தொலைதூர மலையூருக்குப் போகிறோம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலையில் இருக்கும் ட்ரக்கி. அமெரிக்காவைப் பார்த்துச் சிந்திப்பது நம் மரபுக்குப் புதிதல்ல. ஜோதிராவ் புலே 1873இல் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்கு அம்பேத்கர் கடிதம் எழுதினார். ஆனால் அமெரிக்காவில் சீனத் தொழிலாளிக்கு நேர்ந்ததை நாம் அதிகம் பேசியதில்லை.

ட்ரக்கி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,800 அடி உயரத்தில் இருக்கிறது. நம் குன்னூரை ஒத்த உயரம். இன்று 16,000க்கும் மேற்பட்டோர் வாழும் சுற்றுலா ஊர். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு விளையாட வருகிறார்கள். சாப்ளினின் ‘கோல்டு ரஷ்’ படத்தின் சில பனிக்காட்சிகள் இந்தப் பக்கத்து மலையில்தான் எடுக்கப்பட்டன. ஊரின் பெயர் பையூட் தொல்குடித் தலைவர் ஒருவருடையது. நிலம் வாஷோ தொல்குடியினருடையது. ஆக, ஊரின் கதை ஒரு பறிப்பில் தொடங்குகிறது. அந்த இடத்தை ஊராக்கியது ரயில்.

1863இல் சாக்ரமெண்டோவிலிருந்து கிழக்கு நோக்கி சென்ட்ரல் பசிபிக் கம்பெனி ரயில் பாதை போடத் தொடங்கியது. மலை ஏற ஆள் கிடைக்கவில்லை. வந்த வெள்ளையர்கள் வெள்ளிச் சுரங்கங்களைத் தேடி ஓடினார்கள். 1865 முதல் சீனர்களைப் பெருமளவில் சேர்த்தார்கள். பெரும்பாலும் குவாங்டாங் மாகாணத்துக் கிராமத்துப் பிள்ளைகள். ஒரு கட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். கம்பெனியின் தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேர் சீனர்கள்.

ட்ரக்கிக்கு மேற்கே, ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், 1,659 அடி நீளச் சுரங்கம் ஒன்றைக் கருங்கல்லில் குடைந்தார்கள். ஒருவர் உளியைப் பிடிக்க, மற்றவர்கள் சம்மட்டியால் அடிக்க, துளையில் வெடிமருந்து திணித்துப் பற்றவைப்பார்கள். ஒரு முகப்பில் நாளுக்கு ஓர் அடி நகர்ந்தாலே பெரிது. வேலையை விரைவாக்க நைட்ரோகிளிசரினும் வந்தது. 1866–67 குளிர்காலத்தில் 44 பனிப்புயல்கள். பனிக்கு அடியிலேயே வழி குடைந்து, அதற்குள் தங்கி, அதற்குள்ளேயே நடந்து வேலைக்குப் போனார்கள். பனிச்சரிவில் புதைந்தவர்களின் உடல்கள் பனி உருகிய பிறகே கிடைத்தன. செத்த சீனர்களின் கணக்கைக் கம்பெனி வைக்கவில்லை. சம்பளப் பதிவேட்டிலும் பெரும்பாலும் கூட்டத்தின் மேஸ்திரி பெயர்தான். நம் வீடுகளில் கொத்தனாருக்குப் பெயர் இருக்கும், சித்தாள் “நாலு ஆள்” என்று எழுதப்படுவார் அல்லவா, அப்படித்தான்.

1867 ஜூனில் ஏறத்தாழ 3,000 சீனத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அப்போது அவர்களுக்குக் கூலி மாதம் 30 டாலரை ஒட்டி. சாப்பாடு சொந்தச் செலவு. வெள்ளையருக்கோ கூலியோடு சாப்பாடும் கம்பெனி கொடுத்தது. சீனர்கள் கேட்டது 40 டாலர், வெளியே பத்து மணி நேர வேலை, சுரங்கத்துக்குள் எட்டு மணி நேர வேலை. கலவரம் இல்லை, கல்லெறி இல்லை. கட்டுக்கோப்பாக முகாமில் இருந்தார்கள். அவர்களுக்குப் பதிலாக, அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்களைக் கொண்டுவரலாமா என்றுகூட முதலாளிகள் யோசித்தார்கள். கடைசியில் வேலையை மேற்பார்த்த சார்லஸ் கிராக்கர் எளிய வழியைக் கண்டார். மலைக்கு மேலே போகும் உணவை நிறுத்தினார். ஒரு வாரத்தில் போராட்டம் முடிந்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. சோற்றை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

1869 மே 10 அன்று ப்ராமண்டரியில் கிழக்குப் பாதையும் மேற்குப் பாதையும் சேர்ந்தன. அன்று எடுத்த புகழ்பெற்ற படத்தில் சீன முகங்களைத் தேடத்தான் வேண்டும். வேலை முடிந்ததும் பலர் ட்ரக்கியில் தங்கினார்கள். மரம் வெட்டினார்கள், வெளுத்தார்கள், சமைத்தார்கள், காய்கறி விற்றார்கள். நூற்றுக்கணக்கானோர் வாழும் சைனாடவுன் உருவானது.

அது 1875இல் தீப்பற்றி எரிந்தது. 1876 ஜூனில் ட்ரவுட் க்ரீக் என்ற இடத்தில் சீன மரவெட்டிகளின் குடிசைகளுக்கு இரவில் தீ வைத்து, வெளியே ஓடிவந்தவர்களைச் சுட்டார்கள். ஒருவர் இறந்தார். வழக்கு நடந்தது. நடுவர் குழு நிமிடக் கணக்கில் விடுதலைத் தீர்ப்பு சொன்னது. கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களின் 44 உயிர்கள் எரிந்த பிறகு, உயர் நீதிமன்றத்தில் விடுதலை கிடைத்தது யாருக்கு என்று அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. 1878இல் மறுபடி தீ. இந்த முறை சைனாடவுனை ஊரைவிட்டே எடுத்து ஆற்றுக்கு அக்கரையில் வைத்தார்கள். ஊர் இக்கரை, அவர்கள் அக்கரை. இந்த வரைபடத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1882இல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. 1885 செப்டம்பரில் வயோமிங் மாநிலத்து ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்க ஊரில் 28 சீனர்கள் கொல்லப்பட்டார்கள். உலகம் கண்டித்தது. ட்ரக்கியின் பெரிய மனிதர் சார்லஸ் மெக்லாஷன் வழக்கறிஞர், பத்திரிகையாளர். ட்ரவுட் க்ரீக் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடியவரும் அவரே. அவர் முன்வைத்த வழி வேறு: சட்டத்துக்கு உட்பட்டு, ரத்தம் சிந்தாமல் விரட்டுவோம். 1885 கடைசியில் ஊர்க்கூட்டம் கூடித் தீர்மானம் போட்டார்கள். சீனருக்கு வேலை தராதே. சீனரை வேலைக்கு வைத்திருப்பவரிடம் எதையும் வாங்காதே. அவர்கள் சலவைக்கடையில் துணி போடாதே. ஊர்ப் பத்திரிகை துணை நின்றது. கிராக்கர் குடும்பத்தோடு தொடர்புடைய ஒரு பெரிய நிறுவனம் சில வாரம் தாக்குப்பிடித்தது. சீனர் மீது அன்பினால் அல்ல, மலிவான உழைப்பு வேண்டும் என்பதால். அதுவும் 1886 தொடக்கத்தில் பணிந்தது. சீனர்களில் பெரும்பாலானோர் வெளியேற, ஊர் தீப்பந்த ஊர்வலம் நடத்திக் கொண்டாடியது. “ட்ரக்கி வழிமுறை” என்ற பெயரோடு இந்த உத்தி கலிபோர்னியா முழுவதும் பரவியது.

தோழர்களே, இந்தக் கதையில் நாம் நிறுத்திப் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ரத்தம் சிந்தாத விலக்கு தனியாக நிற்பதில்லை. ட்ரக்கியில் தீர்மானத்துக்குப் பின்னால் பத்தாண்டுத் தீயின் நினைவு இருந்தது. போ என்று சொன்னதும் மக்கள் போனது அதனால்தான். நம் ஊர்களிலும் கடைக்காரர் “சாமான் இல்லை” என்று அமைதியாகச் சொல்லும்போது, எரிந்த குடிசைகள் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கின்றன. காயம் எங்கே என்று கேட்பவர் இதைப் பார்க்க மறுக்கிறார்.

இரண்டாவது, விலக்கு என்ற ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்பது. பாய்காட் என்ற சொல் 1880இல் அயர்லாந்தில் பிறந்தது. நிலப்பிரபு ஒருவரின் ஏஜெண்டாக இருந்த கேப்டன் பாய்காட்டுக்கு எதிராகக் குத்தகை விவசாயிகள் எடுத்த ஆயுதம் அது. ஐந்தே ஆண்டுகளில் அதே ஆயுதம் ட்ரக்கியில் அடித்தட்டுத் தொழிலாளி மீதே திருப்பப்பட்டது. 1955இல் மாண்ட்கமரியில் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தபோது அது மறுபடி விடுதலைக் கருவியானது. கீழே இருப்பவர் ஒத்துழைப்பை மறுப்பது போராட்டம். மேலே இருப்பவர் பிழைப்பை மறுப்பது ஒடுக்குமுறை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அந்தத் தீர்மானத்தை ஆதரித்தவர்களில் வெள்ளைத் தொழிலாளிகளும் இருந்தார்கள். தன் கூலி உயரும் என்று நம்பி முதலாளியை விட்டுவிட்டுச் சக தொழிலாளியை விரட்டினார்கள். இனமும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் உழைப்பவரை உழைப்பவருக்கு மேல் அடுக்கிவைக்கும் வேலையை இரண்டும் செய்கின்றன.

மூன்றாவது, சட்டம். இதில் நாம் தலைநிமிர்ந்து சொல்ல ஒன்று இருக்கிறது. 1930இல் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து ஒடுக்கப்பட்டோருக்கான பாதுகாப்புத் திட்டத்தைக் கொடுத்தார்கள். அதில் விலக்கு ஒரு தனிக் குற்றமாக எழுதப்பட்டிருந்தது. வீடோ நிலமோ தர மறுப்பது, வேலை தர மறுப்பது, கொடுக்கல் வாங்கலை மறுப்பது, விலக்கைத் தூண்டுவது, மிரட்டுவது எல்லாமே. 1922ஆம் ஆண்டின் பர்மா விலக்கு எதிர்ப்புச் சட்டத்திலிருந்து அந்த வாசகங்களைத் தேடி எடுத்தார்கள். அடிதடியை மட்டும் குற்றமாக்கினால் போதாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1955இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தில் இதற்கு இடம் கிடைத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோது, சமூக, பொருளாதார விலக்கு வன்கொடுமைகளின் பட்டியலில் சேர்ந்தது. தோழரின் கேள்விக்குச் சட்டம் ஒரு பெயரைக் கொடுத்துவிட்டது. ட்ரக்கியின் சீனர்களுக்கு இல்லாத அந்தப் பெயர் நம் கையில் இருக்கிறது. அதைப் புகார் மனுவில் எழுதவைப்பதுதான் மிச்சமிருக்கும் வேலை.

இன்றும் ட்ரக்கியில் ரயில் நிற்கிறது. பழைய சுரங்கம் 1993இல் கைவிடப்பட்டது. இப்போது அதற்குள் நடந்தே போகலாம். வெளியே, சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய தடுப்புச் சுவர் ஒன்று அசையாமல் நிற்கிறது. அதற்குச் சீனச் சுவர் என்று பெயர். கட்டிய ஒருவரின் பெயரும் அதில் இல்லை. அந்த ரயில் பாதைத் தொழிலாளர் தம் கையால் எழுதிய ஒரு கடிதம்கூட ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. மெக்லாஷன் எழுதிய நூல் இருக்கிறது, பேர் இருக்கிறது. 2014இல்தான் அமெரிக்கத் தொழிலாளர் துறை அந்தச் சீனத் தொழிலாளர்களைத் தன் மரியாதைப் பட்டியலில் சேர்த்தது. சோற்றை மறுத்தார்கள், பிழைப்பை மறுத்தார்கள், கடைசியில் பெயரை மறுத்தார்கள். மூன்றாவது மறுப்புக்கு மட்டும் மற்றவர் தயவு இல்லாமல் நாமே முற்றுப்புள்ளி வைக்க முடியும்.

ஆகவே மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் ஊரில் விலக்கு நடந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தத் தேதி, எந்தக் கடை, யார் கேட்டார், என்ன பொருள், யார் மறுத்தார், பக்கத்தில் யார் இருந்தார். எத்தனை நாள் வேலை போனது, குழந்தைக்குப் பால் எத்தனை கிலோமீட்டர் நடந்து வாங்கிவந்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஊர்க்காரர் இருவர் கையெழுத்து. வழக்குக்கு அது ஆவணம். வழக்கு தோற்றாலும் வரலாற்றுக்கு அது ஆவணம். தோழரின் பையில் எப்போதும் அப்படி ஒரு நோட்டு இருந்தது. அதன் மிச்சப் பக்கங்களை நாம் எழுதுவோம்.