பேட் ப்ரெயின்ஸ் கட்டச் சொன்ன தேசத்தில் யாருக்கெல்லாம் இடம்?

(இளைஞர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏதாவது ஒரு இசை ஆல்பத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். நான் எடுத்துக்கொண்டது 2007-இல் வந்த 'பில்ட் எ நேஷன்'. ஒரு தேசத்தைக் கட்டு என்று பொருள். பாடியவர்கள் பேட் ப்ரெயின்ஸ் என்ற குழுவினர். வாஷிங்டன் டி.சி.யில் 1970களில் ஒன்றுசேர்ந்த நான்கு கறுப்பின இளைஞர்கள். பாடகர் ஹெச்.ஆர்., அவருடைய தம்பி டிரம்மர் ஏர்ல் ஹட்சன், கிதார் டாக்டர் நோ, பாஸ் கிதார் டாரில் ஜெனிஃபர். இந்த நால்வரும் சேர்ந்து புதுப்பாடல்களோடு ஓர் ஆல்பம் போட்டு அப்போது 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பங்க் என்பது முரட்டுத்தனமான, எளிமையான ராக் இசை. வாசிக்கப் பெரிய பயிற்சி வேண்டாம், சொல்வதற்கு ஒரு கோபம் இருந்தால் போதும் என்றது அது. அதன் வேகத்தை இன்னும் கூட்டி, ஒரு பாட்டை ஒன்றரை நிமிடத்தில் முடித்தால் ஹார்ட்கோர் பங்க். அந்த வேகத்தை முதலில் காட்டியவர்களில் பேட் ப்ரெயின்ஸ் முக்கியமானவர்கள். அவர்கள் பங்குக்கு வருமுன் ஜாஸ் ஃப்யூஷன் வாசித்தவர்கள். எனவே எவ்வளவு வேகமாகப் போனாலும் தாளம் பிசகாது. பாட்டின் கடைசி அடி விழும் நேரத்துக்குச் சரியாக ஹெச்.ஆர். மேடையில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து நிற்பார். பிறகு அதே குழு நிதானமாக ரெகே வாசிக்கும்.

அன்றைய டி.சி.யில் பத்துப் பேரில் ஏழு பேர் கறுப்பினத்தவர். ஆனால் டி.சி. ஹார்ட்கோர் என்றதும் பலருடைய மனதில் வருவது மொட்டையடித்த வெள்ளைப் பையன்களின் படம்தான். இது தற்செயலாக நடந்ததில்லை. அமெரிக்க இசை வணிகம் நிறம் பார்த்தே இசையைப் பிரித்து அடுக்கியது. பில்போர்டு பத்திரிகை 1949 வரை கறுப்பின மக்களின் பாடல்களை 'இனப் பாடல்கள்' என்றே தனிப்பட்டியல் போட்டது. சக் பெர்ரியும் லிட்டில் ரிச்சர்டும் வளர்த்த ராக் இசை, ஒரு தலைமுறைக்குள் வெள்ளையர் இசையாகிவிட்டது. 1977-இல் கிதாரோடு வந்த கறுப்பின இளைஞனைப் பார்த்து, 'உனக்கு இங்கே என்ன வேலை?' என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

சொந்த ஊரிலேயே பல கிளப்புகள் இவர்களுக்கு மேடை தர மறுத்தன. நியூயார்க் போனார்கள். 1982-இல் வந்த முதல் ஆல்பம் முதலில் கேசட்டாக மட்டுமே வெளியானது. மஞ்சள் அட்டையில், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் கூரைமேல் மின்னல் விழும் படம். அந்தக் கேசட் கை மாறிக் கை மாறி ஒரு தலைமுறையையே உருவாக்கியது.

அப்படிக் கற்றுக்கொண்டவர்களில் நியூயார்க்கின் பீஸ்டி பாய்ஸும் உண்டு. வெள்ளை இளைஞர்கள். 1981-இல் ஹார்ட்கோர் குழுவாகத் தொடங்கி, பிறகு ராப்புக்கு மாறினார்கள். அவர்கள் 1986-இல் வெளியிட்டதுதான் பில்போர்டில் முதலிடம் பிடித்த முதல் ராப் ஆல்பம். அதே 1986-இல்தான் பேட் ப்ரெயின்ஸின் 'ஐ அகெய்ன்ஸ்ட் ஐ' வந்தது. கஞ்சா வழக்கில் சிறையில் இருந்த ஹெச்.ஆர்., அதில் ஒரு பாட்டைச் சிறைத் தொலைபேசி வழியாகப் பாடிப் பதிவு செய்தார். இரண்டு வரலாறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2007-இல் 'பில்ட் எ நேஷன்' ஆல்பத்தைத் தயாரித்தவர் அதே பீஸ்டி பாய்ஸின் ஆடம் யௌக். யாரிடம் கற்றோம் என்பதை மறக்காத ஒருவர் கடனைத் திருப்பிச் செலுத்திய செயலாகவே இதைப் பார்க்கிறேன். காலத்துக்கேற்ற பளபளப்பு எதையும் அவர் பூசவில்லை. கிதாரும் டிரம்மும் 1982-இன் கரடுமுரடோடு ஒலிக்கின்றன. ஐம்பதைக் கடந்த ஹெச்.ஆரின் குரல் மட்டும் மாறியிருக்கிறது. எதிரொலிக்கு நடுவே, அவசரமில்லாமல், பிரார்த்தனை போல வருகிறது. பழைய கத்தல் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த நிதானம் பிடித்திருக்கிறது. இருபது வயதில் கத்தியதையே ஐம்பதிலும் கத்திக் காட்ட வேண்டும் என்று நாம் ஏன் கேட்க வேண்டும்?

ஆனால் இத்தோடு உட்கார்ந்துவிட்டால் நான் பாதிதான் சொன்னவன் ஆவேன்.

1982-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் பிக் பாய்ஸ் என்ற உள்ளூர்க் குழு இவர்களுக்குத் துணை நின்றது. அதன் பாடகர் ராண்டி டர்னர், தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று மறைக்காமல் வாழ்ந்தவர். அந்தக் காலத்தில், அந்த மாநிலத்தில், அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவரை, அந்தக் காரணத்துக்காகவே பேட் ப்ரெயின்ஸ் இழிவுபடுத்தினார்கள். 1989-இல் ஆயிரக்கணக்கானோர் எய்ட்ஸால் செத்துக்கொண்டிருந்தபோது, தன்பாலீர்ப்பாளர்களைக் குறிவைத்து ஒரு பாட்டும் வெளியிட்டார்கள். தாங்கள் ஏற்ற ராஸ்தஃபாரி மதநம்பிக்கையை அதற்கு நியாயமாக வைத்தார்கள்.

இதைக் கேட்டதும் இரண்டு குரல்கள் எழும். 'அவர்களே ஒடுக்கப்பட்டவர்கள், இதையெல்லாம் கிளற வேண்டுமா?' என்பது ஒன்று. கிளறத்தான் வேண்டும். ஒடுக்கப்பட்டவரிடம் கேள்வி கேட்காமல் விடுவது மரியாதை ஆகாது. அவரைப் பொறுப்பேற்கத் தெரியாத குழந்தையாக நடத்துவதுதான் அது. தவிர, அந்த மேடைக்குக் கீழே நின்ற டர்னரும் ஒடுக்கப்பட்டவர்தானே?

'அப்படியானால் அவர்களைத் தூக்கி எறிவோம்' என்பது மற்றொன்று. எறிந்தால் என்ன நடக்கும்? ஹார்ட்கோரின் வரலாறு மறுபடியும் வெள்ளையர் கைக்கே போகும். பீஸ்டி பாய்ஸ் தங்கள் முதல் ஆல்பத்துக்கே தன்பாலீர்ப்பாளர்களை ஏசும் சொல்லைத் தலைப்பாக வைக்க நினைத்தவர்கள். அவர்களை யாரும் வரலாற்றிலிருந்து அழிக்கவில்லை. அவர்கள் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. 1994-இல் யௌக், பெண்களை இழிவுபடுத்தியது போதும் என்று தன் பாட்டிலேயே சொன்னார். 1999-இல் அவருடைய தோழர் ஆடம் ஹோரோவிட்ஸ், தன்பாலீர்ப்பாளர்களிடம் பத்திரிகை வழியே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அதனால் அவர்கள் குறைந்துபோகவில்லை.

'பில்ட் எ நேஷன்' ஆல்பத்தில் வெறுப்பு இல்லை. அன்பும் சமாதானமும் நன்றியும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் டர்னர் போன்றவர்களுக்கு ஒரு பதில் அதில் இல்லை. டர்னர் 2005-இலேயே இறந்துவிட்டார். தேசத்தைக் கட்டு என்று அழைக்கிறவர்களிடம், அதில் யாருக்கெல்லாம் வீடு உண்டு என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அந்த இசையை நேசிப்பதால்தான் கேட்கிறோம்.

இன்று இரவு முதலில் அந்த 1982 மஞ்சள் அட்டை ஆல்பத்தைக் கேளுங்கள். பிறகு இதைக் கேளுங்கள். கூடவே பிக் பாய்ஸையும் தேடிக் கேளுங்கள். மூன்றையும் கேட்ட பிறகு அடுத்த கூட்டத்தில் சண்டை போடுவோம்.