எதிர்வீட்டு அழுகை



திருவிழா என்பது இறைவன் வீதிக்கு எழுந்தருளும் நாள் மட்டுமன்று. உறவினர் வீட்டிற்கு எழுந்தருளும் நாளும் அதுவே. சொல்லாமல் வந்த தங்கை, சேதி விடாமல் வந்த தாய்மாமன், பல ஆண்டு காணாதிருந்து கண்ட இளமைத் தோழன் என ஒரே பகலில் மூவர் வந்து இறங்கினால் அந்த வீட்டில் சோறு குறையலாம், மகிழ்ச்சி குறையாது. எதிர்பார்த்து வரும் இன்பத்திற்கு ஓர் அளவு உண்டு. எதிர்பாராது வரும் இன்பத்திற்கு அளவில்லை. அதனாலன்றோ இன்ன திதி என்று குறியாமல் வருபவனை 'அதிதி' என்றனர் வடநூலார். தொல்காப்பியரோ 'விருந்து' என்ற சொல்லைப் புதுமை என்னும் பொருளில் ஆண்டார்.

அத்தகைய விருந்து ஒன்று நம் கொங்கு நாட்டிற்கு வந்த வரலாற்றை இன்று சிந்திப்போம். அது நிகழ்ந்த ஊர் தொலைவில் இல்லை. திருப்பூரிலிருந்து திருமுருகன்பூண்டியைக் கடந்து சென்றால் வரும் அவிநாசியே அது. கொங்கேழ் தலங்களுள் ஒன்றாகிய அதற்குத் திருப்புக்கொளியூர் என்பது பழம்பெயர். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தின் இறுதிப் பகுதியாகிய வெள்ளானைச் சருக்கத்தில் இவ்வரலாறு விளங்குகிறது.

நம்பியாரூரராகிய சுந்தரமூர்த்தி நாயனார் தம் தோழர் சேரமான் பெருமாளைக் காணும் வேட்கையோடு திருவாரூரினின்றும் புறப்பட்டு மலைநாடு நோக்கி வருகிறார். வழியிலே அவிநாசி. அந்தணர் வீதியிலே நடக்கிறார். ஒரு வீட்டிலே மங்கல ஒலி. அதன் எதிர்வீட்டிலே அழுகை ஒலி. வழிப்போக்கர் ஒருவராயின் மங்கல ஒலியைக் கேட்டு நடந்திருப்பார்; அழுகை ஒலியைக் கேளாதவர்போல் கடந்திருப்பார். நம்பிகளோ நின்றார், காரணம் வினவினார்.

ஐந்து வயதுச் சிறுவர் இருவர் முன்னொரு நாள் குளத்தில் ஆடினர், ஒருவனை முதலை விழுங்கிற்று, மற்றவன் பிழைத்தான். ஆண்டுகள் கடந்தன. பிழைத்தவனுக்கு இன்று பூணூற் கலியாணம். இழந்தவர் வீட்டிலோ, 'நம் பிள்ளை இருந்தால் அவனுக்கும் இன்று இது நிகழுமே' என்னும் ஏக்கம். ஆறிய புண் எதிர்வீட்டு மேளம் கேட்டு மீண்டும் வாய்திறந்த கதை இது.

அப்போது அழுத வீட்டாரின் செவியில் ஒரு செய்தி விழுகிறது: வந்திருப்பவர் நம்பியாரூரர்! உடனே அந்தத் தாயும் தந்தையும் எழுந்தனர். துயரை அகத்தே அடக்கினர், முகம் மலர்ந்தனர், ஓடிவந்து திருவடியில் வீழ்ந்தனர். 'மகனை இழந்து வருந்துவோர் நீங்கள்தாமோ?' என்று அவர் கேட்கிறார். அது முன்பு நிகழ்ந்தது. தங்களைத் தொழவேண்டும் என்று நெடுநாளாக நாங்கள் கொண்ட அன்பு இன்று பயன் பெற்றது என்ற கருத்தில் அவர்கள் விடை கூறுகின்றனர்.

அன்பர்களே, இவ்விடத்தைச் சற்று ஊன்றி நோக்குக. அவர்கள் பிள்ளையைக் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்கும் என்று எண்ணியும் வரவில்லை. பிள்ளை மீள்வதற்கு முன்பே அவர்கள் மகிழ்ந்துவிட்டார்கள்! திங்களூரில் அப்பூதி அடிகளார் இல்லத்திற்கு அப்பர் பெருமான் எதிர்பாராது எழுந்தருளிய நாளும் இத்தகையதே. வாழைக்குருத்து அரியச் சென்ற மகன் அரவு தீண்டி மாண்டும், அடியவர் அமுது செய்வது தடைப்படலாகாதே என்று அவனை மறைத்து வைத்தனர் பெற்றோர். பெறுவதற்காக வரவேற்பது வாணிகம். வந்ததே பேறு என்று வரவேற்பது அன்பு.

அந்த அன்பு நம்பிகளை உருக்கிற்று. இவர்கள் மகனை முதலை வாயினின்றும் அழைத்துத் தந்த பின்னரே அவிநாசியப்பரைத் தொழுவேன் என்று துணிந்தார். குளக்கரை சென்று பதிகம் பாடினார். முதலை கரைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியும் பெற்ற பிள்ளையை உமிழ்ந்தது. தாய் ஓடிச்சென்று எடுத்தாள். அவனுக்கும் பூணூல் மங்கலம் நிகழ்ந்தது. அன்று அந்த வீட்டிற்கு வந்த விருந்தினர் இருவர்: வழியால் வந்தவர் ஒருவர், வாராத வழியால் வந்தவன் ஒருவன். காலையில் இரண்டாகப் பிரிந்திருந்த வீதியில் பின்னர் ஒலித்தது ஒரே மங்கல ஒலி.

நம்பிகள் அவ்வழியே மலைநாடு சென்றார். திருவஞ்சைக்களத்தினின்றும் வெள்ளை யானை மீது கயிலைக்கு எழுந்தருளினார். அவிநாசி வீதிக்கு அவர் மீளவில்லை. 'இன்று மனம் சரியில்லை. திரும்பி வரும்போது காண்போம்' என்று அப்பெற்றோர் கதவடைத்திருந்தால் என்னாகியிருக்கும்? விருந்து வரும் நாள் ஒன்றே ஒன்றாகவும் இருக்கக்கூடும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மக்களை இழந்தோர் இக்கூட்டத்திலும் இருப்பீர்கள். 'எங்கள் பிள்ளை மீளவில்லையே' என்று உங்கள் நெஞ்சம் கேட்கும். கேட்பது முறையே. அழுதார் அனைவர்க்கும் பிள்ளை மீளும் என்று இப்புராணம் கூறவில்லை. ஆயினும் அத்தலத்தின் பெயரை நினைமின்: அவிநாசி, அழிவில்லாதது. உயிர் அழிவற்றது என்பது நம் சித்தாந்தம். கூற்றுவன் பிரிப்பது உடம்பை; உயிரை அழிக்க அவனுக்கு ஆற்றலில்லை. அவ்வுயிர் இறைவன் திருவருளுக்குப் புறம்பாதலும் இல்லை.

இவ்வாறு கூறிவிட்டு வீட்டிற்குப் போய்விடுதல் எளிது. நம்பிகள் முதலிற் செய்தது தத்துவம் உரைத்தல் அன்று. அழுகை கேட்ட வாயிலில் நின்றது. பிள்ளையை மீட்பது அவர்க்கே இயல்வது. நிற்பது நமக்கும் இயல்வது.

இந்தத் திருப்பூரைப் பாருங்கள். பனியன் தொழிலை நம்பித் தேனி, திண்டுக்கல், மதுரையிலிருந்து வந்தவர் எத்துணைபேர்! பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர் எத்துணைபேர்! லைன் வீடுகளில் ஒரே சுவரின் இப்பக்கம் பிறந்தநாள். அப்பக்கம் ஊரில் தாய் இறந்த செய்தி கேட்டுப் புறப்படப் பணமின்றி விசும்பும் மகன். அவிநாசியின் இரண்டு வீடுகளும் இன்று ஒரு சுவர் இடையிட்டு இங்கே இருக்கின்றன. அவனுக்கு உறவினர் வரமாட்டார்; கைப்பேசியில் குரல் வரும், ஆள் வராது.

ஆதலால் அன்பர்களே, திருவிழா நாளில் நம் வீட்டிற்கு யார் வருவார் என்று வாயிலை நோக்கியிருத்தல் நன்று. நாம் யார் வீட்டிற்கு எதிர்பாராத விருந்தாகச் செல்லலாம் என்று எண்ணுதல் அதனினும் நன்று. இன்று பிரசாதம் பெற்றுச் செல்வோர் அதில் ஒரு பிடியை மேளம் ஒலிக்காத வீட்டிற்குக் கொண்டு செல்லுங்கள். 'ஏன் அழுகிறீர்கள்?' என்று ஒரு சொல் கேளுங்கள். அடியார் வடிவில் ஆண்டவன் வருவான் என்பது நம் சமயம். அவன் வரும் கால்கள் உங்கள் கால்களாக இருக்கட்டும்.

பெருங்கருணைநாயகி உடனாகிய அவிநாசியப்பர் திருவருளால் பிரிந்தோர் கூடுக. அழுத வீடுகளில் விருந்து புகுக.

திருச்சிற்றம்பலம்.