வீடு முழுதும் படிக்கும் பள்ளி

(ஆவூரில் நடைபெற்ற கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கழகம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுற்றதைக் கொண்டாடக் கூடியிருக்கிறோம். நம் தெருப் பிள்ளைகளுக்கு நோட்டும் புத்தகமும் வாங்கித் தந்தோம். உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தந்தோம். தேர்வுக் கட்டணம் கட்டினோம். அதன் பயனாய்ப் பட்டம் பெற்றவர்கள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். இதைக் கண்டு மகிழாத நெஞ்சம் இராது. ஆயினும் பாராட்ட மட்டும் நான் வரவில்லை. ஒரு விண்ணப்பத்தோடும் வந்திருக்கிறேன். வெள்ளி விழா நிதியைக் கொண்டு ஊர் முகப்பில் நினைவு வளைவு எழுப்பலாம் என்று சிலர் கருதுகின்றனர். அவர்தம் அன்பை மதிக்கிறேன். ஆனால், அந்த நிதியில் ஒரு குடும்பப் பள்ளி தொடங்குங்கள் என்பதே என் விண்ணப்பம்.

எழுத்து நம் மண்ணுக்குப் புதியதன்று. நம் மாவட்டத்துச் சித்தன்னவாசல் குன்றில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழி எழுத்து இன்றும் நின்று பேசுகிறது. இதே ஆவூரில் 1747-இல் எழுந்த பெரிய ஆலயம் இருக்கிறது. ஏடும் எழுத்தும் ஊருக்குள் வந்து எத்தனையோ காலமாயிற்று. நம் குடிசைக்குள் நுழையத்தான் அவற்றுக்கு வழி கிடைக்கவில்லை. வழியை நம் முன்னோர் தாமே வெட்ட வேண்டியிருந்தது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அதற்கும் முன்பே, 1848-இல் புனே நகரில் பெண்களுக்குப் பள்ளி திறந்த சோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும், 1855-இல் உழைப்பாளிகளுக்கு இரவுப் பள்ளி நடத்தினர். பிள்ளை பகலில் படித்தால் மட்டும் போதாது, பெற்றோரும் படிக்க வேண்டும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

நம் மாவட்டமும் இதை ஒருமுறை உணர்ந்தது. 1991-இல், மாவட்ட ஆட்சியராகத் திருமதி ஷீலாராணி சுங்கத் அவர்கள் இருந்தபோது, அறிவொளி இயக்கம் ஊர்தோறும் விளக்கேற்றியது. முதற்பாடமே ‘பட்டா’, ‘படி’ என்ற சொற்கள்தாம். நிலமற்றவர் கையில் முதலில் எழுதிப் பழகத் தந்த சொல் பட்டா என்பதை எண்ணிப் பாருங்கள்! பெண்கள் மிதிவண்டி பழகினர்; அவ்வாறு பழகியோர் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதினார். கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்குக் கல்குவாரிகள் குத்தகைக்குக் கிடைத்தன. 1992-இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

அந்நாளில் நானும் ஒரு தொண்டனாக அரிக்கேன் விளக்கைச் சுமந்தவன். என் வகுப்பிற்கு ஒரு தாய் வருவார். பகலெல்லாம் கல்லுடைத்த கை. சிலேட்டுக் குச்சியைப் பிடித்தால் நடுங்கும். மூன்று மாதத்தில் தம் பெயரை எழுதினார். எழுதியதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். அவருடைய மகனுக்கு அப்போது வயது பன்னிரண்டு. அவனும் கல்லுடைப்பவன், அந்தி சாய்ந்ததும் களைத்து உறங்கிவிடுவான். “தம்பி தூங்கட்டும் சார்” என்பார் தாய். நானும் விட்டுவிட்டேன். பின்னர் இயக்கத்தின் வேகம் தணிந்தது. படிப்பதற்குப் புத்தகமும் வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து அந்த அம்மையாரைக் கண்டபோது அவருக்குப் பெயரெழுத மட்டுமே தெரிந்தது. மற்ற எழுத்துகள் மறந்திருந்தன. மகன் இன்றுவரை கைநாட்டு. அம்மகனின் மகள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவள் நோட்டைத் திறந்து பார்க்க வீட்டில் ஒருவரும் இல்லை. தாயைத் தனியாகவும் மகனைத் தனியாகவும் எண்ணியது நான் செய்த பிழை. அந்த வீட்டை ஒரு வகுப்பாக எண்ணியிருந்தால், ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவூட்டியிருப்பார்.

கடல் கடந்த நாடு ஒன்றையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவின் மலைநாட்டில் மாயர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் முன்னோர் கல்லில் எழுத்துப் பொறித்தவர், நாட்காட்டி வகுத்தவர். 1562-இல், மெக்சிகோவின் யுகத்தான் பகுதியிலுள்ள மானி என்னும் ஊரில், மாயரின் ஏடுகளை ஒரு பாதிரியார் தீயிட்டார். எழுத்துடைய இனம் எழுத்தற்ற இனமாக்கப்பட்டது. குவாத்தமாலாவில் 1996 வரை முப்பத்தாறு ஆண்டுகள் நீடித்த உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர்; அவர்களில் பெரும்பாலோர் மாயர். காப்பி அறுவடைக் காலத்தில் குடும்பம் குடும்பமாகத் தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்வது அவர்கள் வழக்கம். குடும்பம் நகரும்போது பிள்ளையை மட்டும் பிடித்து வைத்திருக்கப் பள்ளியால் இயலுமா? செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் செல்லும் நம் மக்களை நினைத்தால் விடை விளங்கும். குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளாத பள்ளி, வறியவர் நடுவே வேரூன்றாது.

நான் வேண்டும் பள்ளிக்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. சமுதாயக் கூடமும் நல்ல விளக்கும் பாயும் போதும். வருகைப் பதிவேட்டில் ஒரு வரிக்கு ஒரு குடும்பம். வாரத்தில் நான்கு இரவு, உணவுக்குப் பின் ஒன்றரை மணி நேரம். சிறுவர்க்குக் கதை, மாணவர்க்குப் பள்ளிப் பாடம், பெற்றோர்க்குப் பட்டா, வங்கிப் புத்தகம், மருந்துச் சீட்டு, சாதிச் சான்று விண்ணப்பம். இறுதி அரைமணி நேரம் அனைவரும் சேர்ந்து ஒரே பக்கத்தைப் படிக்க வேண்டும்; மகள் வாசிக்கத் தந்தை கேட்க வேண்டும், தந்தை வாசிக்க மகள் திருத்த வேண்டும். கூலிக்கு வெளியூர் செல்லும் குடும்பத்தோடு ஒரு புத்தகப் பையும் செல்ல வேண்டும். ஆசிரியர்கள் நம் பட்டதாரிகளே; அவர்களுக்குத் திங்கள்தோறும் ஊதியம் தருவதற்கே அந்த நிதி. பெண்கள் வர வேண்டுமானால் அடுப்பு வேலை முடிய வேண்டும். ஆகவே, ஆண்களே, பாத்திரம் கழுவக் கைகொடுங்கள். அதுவே முதற்பாடம்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். பட்டியல் சாதியினரில் ஏறத்தாழ 73 பேர். அவர்களுள் பெண்களோ 66 பேரே. இந்த இடைவெளி வெறும் எண்ணன்று. 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்ததை நாடறியும். அத்தகைய நாளில் மனுவை எழுதவும், வந்த பதிலைப் படிக்கவும், வெற்றுத்தாளில் கையொப்பமிட மறுக்கவும் தெரிந்த தாய் தந்தையர் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும்.

அன்பர்களே, வளைவு எழுப்பினால் அதில் நம் பெயரைப் பொறிக்கலாம். அப்பெயரைப் படிக்கத் தெரியாதோர் அதன் கீழே நடந்து செல்வாராயின், அது நமக்குப் பெருமையாகுமா? முதலில் படிக்க வைப்போம். பொன்விழாவின்போது அவர்களே தீர்மானித்து வளைவு எழுப்பட்டும்.