கையெழுத்திட்டோர் இருவர்



விளையாட்டு வீரரின் தொழில் ஒப்பந்தம் பற்றித் தமிழிலே ஒரு முழுநாள் கருத்தரங்கு நடத்தத் துணிந்த அமைப்பாளர்களை முதலில் பாராட்டுகிறேன். ஆட்டத்தைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். ஆடுகிறவனை உழைப்பாளியாகக் கண்டு, அவன் எதில் கையெழுத்திட்டான், எதைக் கேட்டும் பெற முடியாமற் போனான் என்று ஆராய்வது அரிது. அந்தக் குறையை இன்று சிறிதளவேனும் தீர்க்கலாம் என்ற நம்பிக்கையோடுதான் இந்தத் தலைமைப் பொறுப்பை ஏற்றேன்.

கருத்தரங்கின் அழைப்பிதழில் பனி ஹொக்கி பற்றிய ஒரு குறிப்பு உண்டு. அமெரிக்காவின் நியூஜேர்சி டெவில்ஸ் அணியோடு 15 ஆண்டுகளுக்கு 100 மில்லியன் டொலர் ஒப்பந்தம் செய்திருந்த இல்யா கொவல்சுக், 2013 ஜூலையில், இன்னும் 12 ஆண்டுகளும் 77 மில்லியன் டொலரும் மீதமிருக்கும்போதே வட அமெரிக்க லீக்கில் இருந்து ஓய்வு பெற்றார். அடுத்த சில நாட்களில் சென் பீட்டர்ஸ்பேர்க் அணியில் சேர்ந்தார். அவருக்கு முன்னரே, 2008இல், அலெக்சாண்டர் ரடுலோவ் என்ற இளைஞர் நாஷ்வில் அணியோடு இருந்த ஒப்பந்தம் ஓராண்டு மிஞ்சியிருக்கையில் ரஷ்யாவின் ஊஃபா நகர அணிக்குப் போய்விட்டார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது வழக்கம். நான் அவற்றை வேறுபடுத்தியே பார்க்கிறேன். ரடுலோவ் கொடுத்த வாக்கை மீறிப் போனார். கொவல்சுக் ஓய்வு என்ற வாசல் வழியாகப் போனார். விதிகள் அந்த வாசலைத் திறந்தே வைத்திருந்தன, அணியும் ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தத்தை மீறுவதும், ஒப்பந்தம் இடங்கொடுத்த வழியில் வெளியேறுவதும் ஒரே குற்றம் ஆகா. இந்த வேறுபாட்டை மறந்த நாடுகளில் நமது இலங்கையும் ஒன்று. அதைக் காட்டத்தான் கிரிக்கெட்டுக்கு வருகிறேன்.

வெளிநாடு போய் ஆடுவது நம்மவருக்குப் புதிதன்று. தமிழ் யூனியன் கழகத்தின் ஒப்பற்ற துடுப்பாட்ட வீரர் மகாதேவ சதாசிவம் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் தலைவராக இருந்தவர். இங்கிருந்து வெள்ளவத்தைக் கால்வாயைத் தாண்டினால் இருக்கும் புனித பேதுருவானவர் கல்லூரியில் படித்த கிளைவ் இன்மன், இங்கிலாந்தின் லெஸ்ரர்ஷயர் அணிக்கு ஆடி, 1965இல் எட்டே நிமிடங்களில் அரைச்சதம் அடித்தார். அவர்களைக் கட்டி வைக்க அன்று இங்கே ஒப்பந்தம் இருக்கவில்லை. கட்டி வைக்குமளவுக்குக் கொடுக்க இங்கே ஒன்றும் இருக்கவுமில்லை.

டெஸ்ட் அந்தஸ்து வந்த பிறகுதான் கதை மாறியது. 1982 பெப்ரவரி 17ஆம் திகதி, பொரளையில் உள்ள தமிழ் யூனியன் கழகத்தின் பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கையின் முதல் டெஸ்ட் போட்டி தொடங்கியது. அணித்தலைவர் பந்துல வர்ணபுர. இலங்கைக்காக முதல் பந்தை எதிர்கொண்டவரும் முதல் ஓட்டத்தை எடுத்தவரும் அவரே. அதே ஆண்டு முடிவதற்குள் அவர் 14 பேர் கொண்ட ஓர் அணியோடு, டொனி ஒபாதாவின் ஏற்பாட்டில், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவுக்குப் போனார். கிரிக்கெட் சபை அவர்கள் அனைவருக்கும் 25 ஆண்டுத் தடை விதித்தது.

இதில் என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயணம் பிழையானது. தோலின் நிறத்தை வைத்து மனிதரைப் பிரித்த அரசுக்கு ஒரு டெஸ்ட் நாட்டின் தலைவர் போய் முகம் கொடுத்ததை, ஒதுக்கப்படுவதன் வலி அறிந்த நாம் எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் தண்டனையின் அளவைப் பாருங்கள். அதே ஆண்டு, அதே தென்னாபிரிக்காவுக்குப் போன இங்கிலாந்து வீரர்களுக்கு அவர்களுடைய சபை கொடுத்தது 3 ஆண்டுத் தடை. அந்த அணியின் தலைவர் கிரஹம் கூச் தண்டனையை முடித்து வந்து பின்னர் இங்கிலாந்துக்கே தலைவரானார். நமது வீரர்களுக்கோ ஒரு முழு ஆயுளின் தொழில் பறிபோனது. தடைக்கு உள்ளானவர்களில் ஒருவரான மஹேஸ் குணதிலக்கவைப் போன்ற விக்கெட் காப்பாளர் அன்று இந்த ஆசியாவிலேயே அரிது. அவர்களில் இன்னொருவர், 1975 உலகக் கிண்ணத்தில் 18 வயதில் ஆடிய அனுர ரணசிங்க, 42 வயதில் இறந்துபோனார். தடை பின்னர் இடைநடுவிலேயே நீக்கப்பட்டது, வர்ணபுர நிர்வாகப் பொறுப்புகளும் வகித்தார். ஆனாலும் ஆடும் வயது திரும்பி வராது. டெஸ்ட் உலகிற்குள் அப்போதுதான் தவழ்ந்து வந்த ஒரு நாடு, தன் அனுபவசாலிகளில் பலரை ஒரே நாளில் இழந்தது.

இங்கிலாந்து ஏன் 3 ஆண்டோடு நிறுத்தியது? அதற்குப் பின்னால் ஒரு தீர்ப்பு இருந்தது. 1977இல் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி உரிமையாளர் கெரி பெக்கர் உலகின் முன்னணி வீரர்களைத் தனிப் போட்டித் தொடருக்கு வாங்கியபோது, சர்வதேச கிரிக்கெட் அமைப்பும் இங்கிலாந்து சபையும் அவர்களைத் தடை செய்ய முனைந்தன. டொனி கிரெய்க், ஜோன் ஸ்னோ, மைக் புரொக்டர் மூவரும் லண்டன் உயர்நீதிமன்றம் போனார்கள். நீதியரசர் ஸ்லேட் அந்தத் தடையைத் தொழில் செய்யும் உரிமைக்கு விதித்த நியாயமற்ற கட்டுப்பாடு என்று தீர்ப்பளித்தார். தொழில்முறை வீரர் தம் பிழைப்பைத் தேடும் உரிமையைக் கிரிக்கெட் சபைகளும் நியாயமின்றிக் கட்டுப்படுத்த முடியாது என்ற உண்மை அன்று நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்டது. இங்கே இருக்கும் சட்ட மாணவர்கள் அந்தத் தீர்ப்பை முழுமையாகப் படிக்க வேண்டும். ரோமன்-டச்சுச் சட்டத்தின் அடியில் நிற்கும் நமது ஒப்பந்தச் சட்டத்தில் அதே கேள்வி எழுந்தால் விடை எப்படி அமையும் என்று எழுத வேண்டியவர்களும் நீங்கள்தான்.

பிந்திய காலத்துக்கு வருவோம். 2007இல் சீ தொலைக்காட்சி நிறுவனம் தொடங்கிய இந்தியன் கிரிக்கெட் லீக்கில் மாவன் அத்தபத்து, ரசல் ஆர்னல்ட், உபுல் சந்தன ஆகியோர் சேர்ந்தார்கள். முதலாவது தொடரை வென்ற சென்னை அணியில் ஆர்னல்ட் ஆடினார். அவரும் அந்தக் கால்வாய்க்கரைக் கல்லூரியின் மாணவரே. சர்வதேச ஆட்டத்தை முடித்துவிட்டு, அல்லது முடிக்கும் தறுவாயில் போனவர்கள் மீதும் தடை விழுந்தது. அந்த லீக்கும் ஈராண்டுக்குள் சரிந்தது. சம்பளப் பாக்கிக்காக வீரர்கள் அலைந்தார்கள். போகும் இடமெல்லாம் பொன் விளைகிறது என்று எண்ணும் இளைஞர்களுக்கு இதையும் சொல்லிவைக்க வேண்டியது ஆசிரியர்களின் கடமை. 2009இல் இங்கிலாந்துக்கு அணி அனுப்புவதாக அர்ஜுன ரணதுங்கவின் நிர்வாகம் உடன்பட்டிருக்க, அதே நாட்களில் ஐ.பி.எல். ஒப்பந்தம் கைவசம் இருந்த வீரர்கள் விளையாட்டு அமைச்சரிடம் போனார்கள். பயணம் கைவிடப்பட்டது, மேற்கிந்தியத் தீவுகள் அணி போய் ஆடியது. யார் சொல்வதை யார் கேட்பது என்று எழுத்தில் எங்கும் தெளிவாக இல்லாத நாட்டில் இப்படித்தான் நடக்கும்.

2011 ஏப்ரலில் லசித் மாலிங்க 27 வயதில் டெஸ்டில் இருந்து ஓய்வு பெற்றபோது அவரைத் தூற்றாதவர் குறைவு. ஐ.பி.எல்லில் இருந்து திரும்பி வரும்படி சபை அழைத்த நேரம் அது. காசுக்காக நாட்டைக் கைவிட்டார் என்றார்கள். முழங்கால் தேய்ந்த ஒரு வேகப்பந்து வீச்சாளர் 30 டெஸ்ட் போட்டிகளில் 101 விக்கெட் எடுத்த பின் தன் உடம்பைக் கணக்குப் பார்த்தார் என்பதை ஏற்க மனம் வரவில்லை. மூன்று ஆண்டு கழித்து, 2014 ஏப்ரலில், டாக்காவில் இந்தியாவை வீழ்த்தி இலங்கை இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை வென்றபோது அந்த அணிக்குத் தலைமை தாங்கியவர் அதே மாலிங்க.

இன்னும் அண்மையில், 2022 ஜனவரி முதல் வாரத்தில், பானுக ராஜபக்ஷ 30 வயதில் ஓய்வை அறிவித்தார். தனுஷ்க குணதிலக டெஸ்டில் இருந்து விலகினார். அதே வாரத்தில் இலங்கை கிரிக்கெட் நிறுவனம் புதிய விதிகள் கொண்டுவந்தது. ஓய்வு பெற விரும்புபவர் மூன்று மாதம் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு லீக்கில் ஆடத் தடையில்லாச் சான்றிதழ் வேண்டுமானால் ஓய்வு பெற்று ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். உள்ளூர் லங்கா பிரீமியர் லீக்கில் ஆட வேண்டுமானால் அந்தப் பருவத்தின் உள்ளூர்ப் போட்டிகளில் 80 சதவீதத்தில் ஆடியிருக்க வேண்டும். முன்னறிவித்தல் கேட்பது நியாயம். எந்தத் தொழிலிலும் அது உண்டு. வேலையை விட்டவனை ஆறு மாதம் சும்மா இருக்கச் சொல்பவர்கள் அந்த ஆறு மாதத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாமா? பத்துப் பன்னிரண்டு ஆண்டே நீடிக்கும் தொழிலில் ஆறு மாதம் என்பது சின்னக் காலமன்று.

ராஜபக்ஷ சில நாட்களில் மனம் மாறினார், ஓய்வை மீளப்பெற்றார். அவரை யாரும் பூட்டி வைக்கவில்லை. அந்த ஆண்டே பஞ்சாப் அணிக்காக ஐ.பி.எல்லில் ஆடினார். செப்டெம்பர் 11ஆம் திகதி டுபாயில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 71 ஓட்டங்கள் எடுத்தார். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று களைத்திருந்த இந்த ஊர் அன்றிரவு தெருவில் இறங்கிக் கொண்டாடியது. 1982இன் கதவடைப்பையும் 2022இன் திறந்த கதவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவரும், எது நாட்டுக்கு நன்மை செய்தது என்று சொல்லிவிடலாம்.

அந்த 2022ஆம் ஆண்டிலேயே 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள். டொலரின் விலை சில மாதங்களுக்குள் 200 ரூபாவில் இருந்து 360ஐத் தாண்டியது. மருத்துவர்கள் போனார்கள், பொறியியலாளர்கள் போனார்கள். பல்கலைக்கழகத்திலும் நிலை இதுவே. கல்வி விடுமுறைக்கும் மேற்படிப்புக்கும் பிணைமுறி எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்த் திரும்பாத விரிவுரையாளர்கள் நமது துறைகளிலும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசும்போது குடும்பம், பிள்ளைகளின் படிப்பு, நாட்டின் நிலைமை என்று காரணங்களை ஆறுதலாகக் கேட்கிறோம். துடுப்பு ஏந்தியவன் போனால் மட்டும் துரோகி என்கிறோம். பேராசிரியருக்கு 65 வயது வரை நாற்காலி உண்டு. வேகப்பந்து வீச்சாளருக்கு 35ஐத் தாண்டினால் யார் வேலை கொடுப்பார்கள்?

தமிழ்ப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020இல் யாழ்ப்பாண அணிக்காக லங்கா பிரீமியர் லீக்கில் அறிமுகமானார். பிறகு ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஆடினார், 2024 ஏப்ரல் மாதம் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியில் வனிந்து ஹசரங்கவின் இடத்துக்குச் சேர்க்கப்பட்டார். போரின் காரணமாகத் தலைமுறைகளாகத் தேசிய மைதானங்களுக்கு எட்டாமல் இருந்த ஒரு மண்ணின் பையனுக்கு, இந்தத் தனியார் லீக்குகள்தான் உலகைக் காட்டின. சான்றிதழ் என்ற ஒற்றைக் காகிதத்தால் அந்த வழியை மூடும் அதிகாரம் யாரிடமும் கேள்வியின்றி இருக்கக் கூடாது.

வீரன் பக்கமே முழு நியாயமும் இருக்கிறது என்பது என் வாதமன்று. பருவத்தின் நடுவில் வாக்கை உடைத்துப் போகிறவனால் சக வீரர்களும் ரசிகர்களும் இழப்பது மெய்யான இழப்பு. அதற்கு நட்டஈடு கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நியூசிலாந்து சபை 2022 ஓகஸ்டில் ட்ரென்ட் போல்ட்டை அவர் கேட்டபடி ஒப்பந்தத்தில் இருந்து விடுவித்தது. விடுபட்டவருக்கு அணித் தெரிவில் முன்னுரிமை கிடையாது என்பதையும் வெளிப்படையாகச் சொன்னது. அதற்குப் பிறகும் அவர் நாட்டுக்கு ஆடினார். நேர்மையான ஏற்பாடு அப்படித்தான் இருக்கும்.

வீரனை வளர்த்தவர்களின் பங்கு பற்றியும் இன்று பேசுங்கள். சர்வதேச உதைபந்தாட்டத்தில், ஒரு வீரன் ஒப்பந்தம் முடியுமுன் வேறு நாட்டுக் கழகத்துக்கு மாறினால், மாற்றுத் தொகையில் 5 சதவீதம் அவனை 12 வயதில் இருந்து 23 வயது வரை பயிற்றிய கழகங்களுக்குப் பிரிக்கப்படுகிறது. கிரிக்கெட்டில் அப்படி ஒரு விதி இல்லை. கொட்டாஞ்சேனைப் புனித பெனடிக்ட் கல்லூரியிலோ யாழ்ப்பாணத்திலோ, விடியற்காலையில் வலையடிக்கு வந்து நின்ற ஆசிரியருக்கும், கையிருப்பைத் தட்டிப் பந்து வாங்கிய பாடசாலைக்கும், அந்தப் பிள்ளை கோடிக்கணக்கில் விலைபோகும் நாளில் ஒரு சதமும் வருவதில்லை. யாராவது ஓர் ஆய்வாளர் இங்கிருந்து இதற்கு ஒரு திட்டத்தை எழுதிக் கொண்டு போனால், இந்தக் கருத்தரங்கு நடந்ததற்கு அதுவே போதுமான காரணம்.

ஆய்வாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். தேசிய வீரர்களின் ஒப்பந்தப் பத்திரங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அவை எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கின்றன, காயம்பட்டால் யார் பொறுப்பு, பிணக்கு வந்தால் தீர்ப்பது யார் என்று பாருங்கள். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அணித் தெரிவில் அமைச்சருக்குக் கொடுத்திருக்கும் அதிகாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். சபைக்கும் வீரருக்கும் நடுவே நின்று தீர்ப்புச் சொல்லச் சுயாதீனமான ஒரு நடுவர் மன்றம் வேண்டும் என்பதை இந்த அவையின் முதல் தீர்மானமாக முன்மொழிகிறேன். அதை மாலை அமர்வில் விவாதித்து நிறைவேற்றித் தாருங்கள். கருத்தரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.