ஒடிவு கட்டியவர் மகன்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பெரிய டாக்டர் என்றால் லண்டன் மாநகரில் இருந்தவராகத்தான் இருப்பார் என்று நாம் நினைக்கிறோம். நான் சொல்லப் போகிறவர் லிவர்பூல் துறைமுகத்தில், மூட்டை தூக்கிப் பிழைத்தவர்கள் நடுவே வைத்தியம் பார்த்தவர். பெயர் ஹியூ ஓவன் தாமஸ். 1834-ஆம் ஆண்டு பிறந்தார். இங்கிலாந்தில் அது விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வருவதற்குச் சற்று முந்திய காலம்.

அவருடைய தகப்பனார் இவான் தாமஸ் ஒடிவு கட்டுகிறவர். வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சித் தீவிலிருந்து பிழைப்புத் தேடி லிவர்பூலுக்கு வந்தவர். எலும்பு கட்டுவது அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பழக்கம். இவானிடம் சான்றிதழ் ஒன்றும் கிடையாது. ஆனாலும் கை கால் முறிந்தவர்கள் அவர் வீட்டைத் தேடித்தான் போனார்கள். படித்த டாக்டர்கள் சும்மா இருப்பார்களா? பல முறை அவரை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். மனுஷன் யோசித்தார். தம்முடைய ஐந்து ஆண் பிள்ளைகளையும் டாக்டருக்கே படிக்க வைத்துவிட்டார்!

ஹியூ எடின்பரோவிலும் லண்டனிலும் படித்தார். 1857-இல் அறுவை மருத்துவராகத் தேறினார். ஊர் திரும்பி அப்பாவோடு கொஞ்ச காலம் சேர்ந்து வேலை பார்த்தார். ஒத்துப் போகவில்லை, தனியே போய்விட்டார். படித்த பிள்ளைக்கும் படிக்காத அப்பாவுக்கும் இடையில் வருகிற சங்கடம் அங்கேயும் இருந்திருக்கிறது பாருங்கள்.

தேர்ச்சி அறிக்கை வாங்க வரும் பெற்றோர் சிலர், "நமக்கு என்னா தெரியும் சார், நீங்களே பார்த்துக்குங்க" என்பார்கள். எனக்கு அப்போதெல்லாம் இந்த ஹியூவின் ஞாபகம்தான் வரும். அப்பாவின் வீட்டை விட்டுப் போனாரே தவிர, அப்பாவின் கை வேலையை அவர் விடவில்லை. தொட்டுப் பார்த்து எலும்பை அறிவது, அசையாமல் கட்டுவது, ஆறும் வரைக்கும் பொறுப்பது, இந்த வழியைத்தான் படிப்போடு சேர்த்துக்கொண்டார். அறுவை மருத்துவராக இருந்தும் வெட்டி எடுப்பதை வெறுத்தவர். மூட்டு கெட்டுப்போனால் காலையே எடுத்துவிடுவது அந்தக் காலத்து வழக்கம். இவரோ, விடாமல் நீண்ட நாள் ஓய்வு கொடுத்தால் மூட்டு தானே ஆறும் என்றார்.

கூலி வேலை செய்கிறவன் மாதக் கணக்காகப் படுத்துக் கிடக்க முடியுமா? உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் ஹியூ ஒரு சிம்பு செய்தார். தொடையின் மேற்பக்கம் தோல் சுற்றிய இரும்பு வளையம். அதிலிருந்து காலின் இரண்டு பக்கமும் இறங்கும் இரும்புக் கம்பிகள். கால் கம்பிகளுக்கு நடுவே அசையாமல் இருக்கும். உடம்பின் பாரம் வளையத்தில் இறங்கும். நோயாளி எழுந்து நடமாடலாம். இதைச் செய்ய கொல்லரையும் தோல் வேலை தெரிந்தவரையும் தம் இடத்திலேயே வைத்திருந்தார். முழங்கால் நோய்க்கென்று செய்த இந்தச் சிம்பைப் பற்றி 1875-இல் புத்தகமும் எழுதினார்.

ஆள் மெலிந்தவர், குள்ளம். சிறு வயதில் கண்ணில் காயம்பட்டதால் தொப்பியை ஒரு பக்கம் இழுத்துவிட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவச வைத்தியம். எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் அவருக்குப் பதவி இல்லை. நாக்கும் கொஞ்சம் கூர்மை என்பார்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 1891-இல் இறந்தபோது துறைமுகத் தொழிலாளர்கள் திரளாக வந்து அவரை வழியனுப்பினார்கள்.

அவரிடம் தொழில் கற்றவர் அவர் மனைவியின் உறவுப் பையன் ராபர்ட் ஜோன்ஸ். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. தொடை எலும்பு முறிந்து புண்பட்ட சிப்பாய்கள், முறிந்த எலும்பு உள்ளே ஆடி ஆடி, ரத்தம் போய் வழியிலேயே இறந்தார்கள். மாமாவின் சிம்பை ஜோன்ஸ் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தார். காலை இழுத்துக் கம்பியின் நுனியில் கட்டிவிட்டால் எலும்பு ஆடாது. 1917-இல் அராஸ் போர்முனையில் இப்படிக் கட்டப்பட்டவர்கள் ஆயிரம் பேருக்கு மேல். அவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர்தான். அதற்கு முன் பாதிக்கு மேல் செத்துக்கொண்டிருந்தார்கள்.

காயம்பட்டவர்களைத் தூக்கி வரும் சிப்பாய்களுக்குக் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு இந்தச் சிம்பைக் கட்டப் பழக்கினார்களாம். இருட்டிலும் கை தடுமாறக் கூடாது அல்லவா?