பாட்டிதான் இளவரசி
(பரிசளிப்பு விழாவில் பேசியது)



சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் சிலரை வைத்து நான் ஒரு கதை விளையாட்டு நடத்தி வருவது உங்களுக்குத் தெரியும். "படிப்பை விட்டுட்டு என்ன சார் பகடை உருட்டுறீங்க?" என்று ஒரு தகப்பனார் கேட்டே விட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லும்போது, நான் செய்த ஒரு தவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

விளையாட்டு இதுதான். நடத்துகிறவர் ஓர் உலகத்தை வாயால் விவரிப்பார். பிள்ளைகள் ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள். ஒருவன் படகோட்டி, ஒருத்தி வைத்தியர், இப்படி. "நீ என்ன செய்யப் போறே?" என்று கேட்பேன். அது பலிக்குமா என்பது சந்தேகமானால் பகடை தீர்ப்புச் சொல்லும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் இப்படியொரு விளையாட்டை வெளியிட்டார்கள். அங்கே பாதாளமும் டிராகனும். நமக்கு அது எதற்கு? வானம் தெளிந்திருந்தால் மூவாரிலிருந்தே லேடாங் மலை தெரிகிறதே!

'செஜாரா மெலாயு' சொல்லும் கதை நீங்கள் அறிந்ததுதான். மலாக்கா சுல்தான் மஹ்மூட் அந்த மலை இளவரசியைப் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறார். ஒரு கிழவி வந்து இளவரசியின் நிபந்தனைகளைச் சொல்கிறாள். பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம், ஏழு தட்டு கொசு இருதயம் என்று போய், கடைசியில் சுல்தானின் மகனுடைய இரத்தம் வரை கேட்கிறாள். அந்தக் கிழவியே இளவரசி என்றும் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு இது தெரியாது என்று நினைத்துக்கொண்டு, இந்த இரகசியத்தைப் பன்னிரண்டாவது வாரத்துக்கென்று பத்திரமாக ஒளித்து வைத்திருந்தேன்.

மூன்றாவது வாரமே நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். "சார், இந்தப் பாட்டிதான் இளவரசி."

"எப்படிம்மா சொல்றே?"

"நாங்க கேட்டதுக்கெல்லாம் பாட்டி உள்ளே போய்க் கேட்டுட்டு வந்து சொன்னாங்க. கடைசியா கேட்டதுக்கு மட்டும் உள்ளே போகாமலே சொல்லிட்டாங்களே!"

உண்மை. நான்தான் அசந்துவிட்டேன். ஒன்பது வாரக் கதை பாழாகிவிடுமே என்ற பயத்தில், "இல்லை, பாட்டி வேறே, இளவரசி வேறே" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற, பாட்டிக்குத் தூரத்துப் பேச்சு கேட்கும் வரம் உண்டு என்று இன்னொரு புளுகு. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த இரண்டு வாரமும், "நீ என்ன செய்யப் போறே?" என்று அந்தச் சிறுமியைக் கேட்டால், "நீங்களே சொல்லுங்க சார்" என்றாள்.

அவள் தாயார் ஒரு நாள் வழியில் என்னை நிறுத்தினார். "பார்த்ததைச் சொன்னா தப்பும்மான்னு வீட்டுல சொல்றா சார். என்ன நடந்துச்சு?" எனக்குச் சுருக்கென்றது. செம்பனைக் குலைக் கணக்கில் ஒன்று குறைந்தால், நாளைக்கு எழுந்து நின்று கேட்க வேண்டிய பிள்ளை அவள். கண்ணால் கண்டதை நம்பாதே என்று அவளுக்கு நானல்லவா பழக்கிவிட்டேன்!

மறு சனிக்கிழமை பாட்டி முக்காட்டை எடுத்தாள். "அன்று நான் பொய் சொன்னேன். உங்களில் ஒருத்திக்கு அது தெரியும்" என்றாள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

சரி, இரகசியம் போச்சு. மிச்ச வாரங்களுக்கு என்ன செய்வது? "போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று பத்து நிமிடம் வாங்கிக்கொண்டேன். (இது நல்ல உபாயம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.) அப்போது கைகாக்ஸின் பழைய கதையொன்று நினைவுக்கு வந்தது. அவர் அமைத்த பாதாளத்தின் அடித்தளத்தை ராப் குன்ட்ஸ் என்ற ஆட்டக்காரர் தன்னந்தனியாகவே எட்டிவிட்டார். அங்கே அவருக்குக் காத்திருந்தது ஒரு சறுக்குப்பாதை. உலகத்தின் மறுபக்கத்துக்கு, சீனாவுக்கே கொண்டு போய்விட்டது. ஆளைக் காணோமே என்று கூட்டாளிகளும் பின்னாலேயே போனார்கள். அடியைத் தொட்ட பிறகும் போக ஓர் இடம் இருந்தது, பாருங்கள். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் ஏறக்குறைய இதுதானே? கூட்டத்திலிருந்து ஒருவன் குறுக்கே கேட்டால், அதையே பிடித்துக்கொண்டு ஆட்டத்தை நகர்த்துவான்.

ஆகவே நான் என்னையே கேட்டேன்: இந்த இளவரசிக்கு என்ன வேண்டும்? கல்யாணம் வேண்டாம்; மலைக்குப் படை வரவும் கூடாது. பிள்ளைகள் திரும்பியதும் அவள் கேட்டாள்: "தெரிந்துகொண்டீர்கள். சுல்தானிடம் சொல்வீர்களா?"

"சொல்லலேன்னா நம்ம தலை போகும்" என்றான் படகோட்டி. "சொன்னா இவங்க தலை போகும்" என்றாள் வைத்தியர். அன்று மணி போனதே தெரியவில்லை. நான் எழுதி வைத்திருந்த கதையில் இதில் பாதிச் சுவைகூட இல்லை.

இப்போதெல்லாம் என் நோட்டில் என்ன நடக்கும் என்று எழுதுவதில்லை. யாருக்கு என்ன வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஒரு பையன் திடீரென்று, "படகுக்கு அடியிலே என்ன சார் இருக்கு?" என்றான். நான் யோசித்ததே இல்லை. "நீ என்ன தேடுறே?" என்றேன். "ஓட்டை" என்றான். பகடையும் ஓட்டை உண்டு என்றது. போட்டது யார் என்று இன்னும் தேடுகிறார்கள்; எனக்கே இப்போதுதான் தெரியும்! அதற்காகப் பிள்ளை ஊகிப்பதெல்லாம் சரியாக வேண்டும் என்பதில்லை. தவறானால் தவறாகவே இருக்கட்டும். தடயத்தைப் பார்த்துச் சரியாகச் சொன்ன பிள்ளையைத் தோற்கடிக்க விடையை மாற்றுகிறோமே, அதுதான் மோசடி.

சுல்தானிடம் சொல்வதா வேண்டாமா என்று பிள்ளைகள் இன்னும் முடிவு செய்யவில்லை. வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மறுபடி கூடுகிறோம். பகடை உருட்டுவதைப் பற்றிக் கேட்ட அந்தத் தகப்பனாரும் வரலாம். சுல்தானின் மந்திரி வேடம் காலியாகத்தான் இருக்கிறது.