ஹேவ், ஹேஸ், ஹேட்

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் அழைத்து உட்கார வையுங்கள். ஒரு பென்சிலும் பழைய நோட்டும் கையில் இருந்தால் இன்னும் நல்லது. இன்று நாம் எடுத்துக்கொள்ளும் ஆங்கிலச் சொல் மிகச் சிறியது. 'ஹேவ்' என்பது அதன் பெயர். ஹேவ், ஹேஸ், ஹேட் என்று மூன்று உருவங்களில் அது வரும்.

இந்தச் சொல்லுக்கு நேரான வினைச்சொல் நம் பேச்சில் கிடையாது. 'நான் ஒரு தம்பியை உடையவன்' என்று யாராவது வீட்டில் பேசுகிறோமா? 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்கிறோம். 'என்னிடம் குடை இருக்கிறது' என்கிறோம். இந்த வாக்கியங்களில் இருப்பது தம்பி, இருப்பது குடை. நாமோ 'எனக்கு', 'என்னிடம்' என்று ஓரமாக ஒதுங்கி நிற்கிறோம். ஆங்கிலத்தில் ஆள்தான் முன்னால் வர வேண்டும். 'ஐ ஹேவ் எ பிரதர்', 'ஐ ஹேவ் என் அம்பரெல்லா'. எனக்கு, என்னிடம் என்ற வேறுபாடெல்லாம் அங்கே இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே ஹேவ்.

நம் பிள்ளைகள் தவறு செய்யும் இடம் இங்கேதான் தொடங்குகிறது. 'பாட்டிக்கு நான்கு ஆடுகள் இருக்கின்றன' என்ற வாக்கியத்தைக் கொடுத்தால், பலர் 'கிராண்ட்மதர் ஹேவ் ஃபோர் கோட்ஸ்' என்று எழுதுவார்கள். காரணம் சோம்பல் அன்று. தமிழில் 'இருக்கின்றன' என்ற பன்மை ஆடுகளைப் பார்த்து வருகிறது. அந்தப் பழக்கத்தில் பிள்ளை ஆட்டை எண்ணிவிடுகிறது. ஆங்கிலத்தில் எண்ண வேண்டியது பாட்டியை. பாட்டி ஒருவர்தானே? ஆகவே 'கிராண்ட்மதர் ஹேஸ் ஃபோர் கோட்ஸ்'. நாற்பது ஆடுகள் இருந்தாலும் ஹேஸ்தான். ஹீ, ஷீ, இட், அல்லது தனி ஒருவர் பெயர் முன்னால் நின்றால் ஹேஸ். ஐ, யூ, வீ, தே என்றால் ஹேவ். நடந்து முடிந்ததைச் சொன்னால், யாராக இருந்தாலும் ஹேட்.

கேள்வி கேட்கும்போதும் இல்லை என்று சொல்லும்போதும் இன்னொன்றைக் கவனியுங்கள். 'டஸ் ஷீ ஹேவ் எ புக்?' என்பதே சரி. 'டஸ் ஷீ ஹேஸ்' என்பது தவறு. ஹேஸ் என்ற சொல்லின் கடைசியில் உள்ள ஸ் ஓசையை டஸ் வாங்கிக்கொண்டது. ஒரு வாளியை இரண்டு பேர் சுமக்க வேண்டியதில்லை. 'ஷீ டஸ் நாட் ஹேவ்' என்பதும் அப்படியே. இறந்த காலமானால் டிட் அந்தச் சுமையை எடுத்துக்கொள்ளும்.

மலேசியாவில் வாழும் நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மலாய் மொழியில் 'அடா' என்ற ஒரே சொல், என்னிடம் இருக்கிறது என்பதற்கும் வரும், இங்கே இருக்கிறது என்பதற்கும் வரும். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு 'ஹியர் காட் ஷாப்' என்பது சரியாகவே படும். கடைத்தெருவில் எல்லாருக்கும் புரியும். சீனர் கடையிலும் புரியும். பரீட்சைத் தாளில் மதிப்பெண் போய்விடும். ஓர் இடத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்றால் 'தேர் இஸ் எ ஷாப் ஹியர்' என்று எழுத வேண்டும். ஆளுக்குச் சொந்தமானால்தான் ஹேவ்.

இனி, பெரியவர்களும் காது கொடுக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். முன்பெல்லாம் பல தோட்டங்களில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் டிரெசரிடம் ஓடுவோம். நம் மொழியிலேயே விசாரித்து மருந்து கொடுத்தவர்கள் உண்டு. பட்டணத்துக் கிளினிக்குப் போனால் நிலைமை வேறு. மலாயில் பேசினால் போதுமே என்பீர்கள். பல இடங்களில் போதும்தான். ஆனால் ஆங்கிலத்தில் கேட்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

'ஹீ இஸ் ஃபீவர்' என்று சொல்லாதீர்கள். பையனே காய்ச்சல் என்றல்லவா அதற்குப் பொருள்! 'ஹீ ஹேஸ் எ ஃபீவர்' என்றால் இப்போது காய்ச்சல் அடிக்கிறது. 'ஹீ ஹேட் எ ஃபீவர்' என்றால் அடித்தது, இப்போது இல்லை. மூன்று நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது என்றால் 'ஹீ ஹேஸ் ஹேட் எ ஃபீவர் ஃபார் திரீ டேஸ்'. ஹேஸ், ஹேட் இரண்டும் சேர்ந்து வருவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கலாம். அன்று தொடங்கியது இன்னும் தீரவில்லை என்பதைச் சொல்ல ஆங்கிலத்துக்கு இரண்டும் தேவைப்படுகிறது. எத்தனை நாள் என்றால் ஃபார். எந்த நாளிலிருந்து என்றால் சின்ஸ். 'சின்ஸ் மண்டே' சரி, 'சின்ஸ் திரீ டேஸ்' சரியன்று. 'ஹீ இஸ் ஹேவிங் ஃபீவர்' என்று நம்மில் பலர் சொல்கிறோம், அதையும் விட்டுவிடலாம். சாப்பிடுவதைச் சொல்லும்போது மட்டும் 'ஹீ இஸ் ஹேவிங் ஹிஸ் லஞ்ச்' என்பது அழகாகப் பொருந்தும்.

இலக்கணம் பார்த்தா நோய் வருகிறது என்று கேட்காதீர்கள். டெங்கிக் காய்ச்சலை எண்ணிப் பாருங்கள். அந்தக் காய்ச்சலில் மருத்துவர் முதலில் கேட்பது, காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள் என்பதே. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சூடு இறங்கும். சூடு இறங்கியதும் தாய்க்கு நிம்மதி. ஆனால் டெங்கியில் அதற்குப் பின் வரும் ஓரிரு நாள்கள்தாம் அதிகக் கவனம் வேண்டிய நேரம். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், பிள்ளை சோர்ந்து சுருண்டு படுப்பது, இவை கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். உடம்பு குளிர்ந்திருக்கும் பிள்ளையைக் காட்டி 'நோ ஃபீவர்' என்று மட்டும் சொன்னால், கேட்பவருக்குப் பாதிக் கதைதான் தெரியும். 'ஹீ ஹேட் எ ஃபீவர் ஃபார் ஃபோர் டேஸ். இட் ஸ்டாப்ட் திஸ் மார்னிங்' என்று சொல்லுங்கள். நான்கு நாள் காய்ச்சல் இருந்தது, இன்று காலையில் விட்டது என்பது பொருள். மருத்துவருக்கு வேண்டிய கணக்கு அதில் இருக்கிறது. ஆங்கிலம் வாயில் வரவில்லையென்றால் விரலை மடக்கியாவது நாளைச் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

பள்ளிக்கு எழுதும் விடுப்புக் கடிதத்திலும் இதே ஹேட்தான். பிள்ளை குணமாகித் திரும்பிய பிறகு கொடுக்கும் கடிதத்தில் 'மை சன் ஹேஸ் எ ஃபீவர்' என்று எழுதினால், காய்ச்சலோடு ஏன் அனுப்பினீர்கள் என்று ஆசிரியர் கேட்கக்கூடும்.

இதே ஹேவ், 'டு' என்பதோடு சேர்ந்தால் 'வேண்டும்' என்றாகிவிடும். 'ஐ ஹேவ் டு கோ' என்றால் நான் போக வேண்டும். அதை அடுத்த பேச்சில் விரிவாகப் பார்க்கலாம். அதற்குள் மூன்று வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள். அக்காளுக்கு மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். தாத்தாவுக்கு ஒரு வாரமாக இருமல் இருக்கிறது. நேற்று என்னிடம் பணம் இல்லை. கடைசி வாக்கியத்தை 'டிட் நாட்' போட்டு எழுதினால் ஹேட் வராது. ஏன் என்று பிள்ளைகளே பெற்றோருக்குச் சொல்லட்டும்.